இறங்குகிற இடத்தில் ஒரு பெயர்

பேருந்து ஆலை வாசலைத் தாண்டியதுமே காசிராஜன் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டான். இன்னும் முக்கால் மணி நேரத்தில், கால்வாய்ப் பாலம் தாண்டி அவன் இறங்குகிற முனை வரும்போது, ஓட்டுநர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடப் போகிறார். காசிராஜன் என்கிற பெயர் அல்ல, அதைச் சொல்ல மெக்சிக்கோவின் இந்தச் செலாயா ஊரில் ஒருத்தருக்கும் நாக்கு வளைவதில்லை. கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்கு வைத்திருக்கிற பெயர். வைத்து மாதக்கணக்காகிறதாம். மெக்சிக்கோக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்து, அவனுக்கு மட்டும் தெரியாத பெயர். மதியம் சாப்பாட்டு மேசையில் கோர்தோதான் ஆரம்பித்துவைத்தான். கோர்தோ என்றால் குண்டன். ஒயர் வெட்டும் பிரிவின் மேற்பார்வையாளன், நெல் மூட்டையை நிமிர்த்தி வைத்தாற்போல் இருப்பான். ரொட்டியை மென்றுகொண்டே, “இன்ஹே, உங்களுக்கும் ஒரு பேரு இருக்கு தெரியுமா? முகத்துக்கு நேரா சொல்லத்தான் யாருக்கும் தைரியம் இல்ல” என்றான். இன்ஹே என்பது எஞ்சினியர் என்பதன் வாலை நறுக்கின வடிவம். வந்த நாள் முதல் அவனுக்கு அதுதான், அது மட்டும்தான். காசிராஜன் சிரித்தான், சிரிக்காமல் என்ன செய்ய. அதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே. அப்படியென்றால் இன்றைக்கு பஸ்ஸிலேயே கூப்பிடச் சொல்லு, பார்க்கலாம் என்று பெரிய சூரன் மாதிரி சொல்லிவிட்டான். மேசையில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கோர்தோ கையைத் துடைத்துக்கொண்டு அங்கேயே போனை எடுத்து ஓட்டுநருக்குச் செய்தி அனுப்பிவிட்டான். இனி அழித்து எழுத முடியாது.

இந்தப் பேருந்தில் நிறுத்தங்களுக்குப் பெயர் கிடையாது, ஆட்களுக்குத்தான் உண்டு. காலை ஷிப்ட் முடிந்து வருகிற ஜனம் பாதி தூங்கிக்கொண்டுதான் வரும். அதனால் ஒவ்வொரு முனையிலும் ஓட்டுநர் அங்கே இறங்குகிறவரின் பட்டப்பெயரைச் சொல்லி ஒரு சத்தம் போடுவார். தூங்குகிறவர் தூக்கத்திலிருந்தே பதில் குரல் கொடுக்க வேண்டும். குரல் வந்தால்தான் வண்டி நிற்கும். வராவிட்டால் ஆள் வரவில்லை என்று கணக்கு, வண்டி போய்க்கொண்டே இருக்கும். அடுத்த முனையில் இறங்கி நடந்து வர வேண்டியதுதான், ஊரே சிரிக்கும். காசிராஜனுக்கு மட்டும் விலக்கு. அவன் முனை வந்ததும் ஓட்டுநர் கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பார், வண்டியை மெல்ல ஓரங்கட்டுவார், இன்ஹே என்று மரியாதையாக ஒரு தலையசைப்பு. விருந்தாளிக்குத் தனி இலை போடுகிற மாதிரி. முதலில் அது அவனுக்குப் பிடித்துத்தான் இருந்தது. இப்போது எங்கோ உறுத்துகிறது. தனி இலையில் சாப்பிடுகிறவன் பந்தியில் சேர்ந்தவன் இல்லை. பக்கத்து இருக்கையில் ரோசாரியோ உட்கார்ந்திருக்கிறாள், நாற்பதைத் தாண்டினவள், ஒயர் முனைகளில் கம்மல் மாதிரிக் கொக்கி கடிக்கவைக்கிற பகுதியில் இருப்பவள். அவளைக் கிளி என்றுதான் கூப்பிடுகிறார்கள், பேச்சை நிறுத்தவே மாட்டாள் என்பதற்காக. அவளும் கிளி என்றால் திரும்பிப் பார்ப்பாள், ரோசாரியோ என்றால் யாரையோ சொல்கிறார்கள் என்று இருப்பாள். அப்படிப்பட்டவள் இன்றைக்கு வாயே திறக்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உதட்டைக் கடிக்கிறாள். சிரிப்பை அடக்குகிறாளோ. அவளுக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும். சரி, தெரிந்துவிட்டுப் போகட்டும், என்னவாக இருந்துவிடப் போகிறது, நாற்பத்து மூன்று வயது ஆம்பளை, ஒரு பேருக்குப் போய் இப்படிப் பயப்படலாமா என்று அவன் தனக்கே சொல்லிக்கொண்டான். சொன்னதை மனது காதில் வாங்கினால்தானே.

ஏனென்றால் பெயர் என்று ஒன்று அவனுக்கு முன்னாலேயே இருந்தது. கோவில்பட்டியில், ஐந்தாம் வகுப்பிலோ ஆறிலோ, பள்ளிக்கூடத்து மதிலை ஒட்டி ரோடு போட்டார்கள். தார் டின்களை வரிசையாக நிறுத்தி, கீழே விறகு வைத்துக் காய்ச்சினார்கள். இடைவேளையில் எல்லோரும் மதிலில் ஏறி வேடிக்கை பார்த்தபோது யாரோ ஒருத்தன், யார் என்பதுகூட மறந்துவிட்டது, டின்னையும் பார்த்தான், பக்கத்தில் நின்ற காசிராஜனையும் பார்த்தான். அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் தார் என்பது அவன் பெயராகிவிட்டது. கணக்கு வாத்தியார்கூட ஒருநாள் வருகை எடுக்கும்போது அந்தப் பெயரைச் சொன்னார், வகுப்பு கொல்லென்று சிரித்தது, அவனும் சிரித்தான். அங்கேதான் மனது போய்ப் போய் இடறுகிறது. அவர்கள் கூப்பிட்டது இருக்கட்டும். இவன் ஏன் உள்ளேன் ஐயா சொன்னான்? சொல்லாமல் இருந்திருந்தால்? வருகை போட்டிருக்க மாட்டார், அவ்வளவுதானே. போடாவிட்டால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? ஒருதரம் பதில் சொன்னதுதான், பன்னிரண்டாம் வகுப்பு முடிகிறவரை சொல்ல வேண்டியதாகிவிட்டது. கல்லூரிக்குப் போனதும் முதல் காரியமாக, என் பேரு காசிராஜன், முழுசாச் சொல்லணும் என்று விறைப்பாகச் சொல்லிப் பழகினான். இதற்கு முன் வேலை பார்த்த ஒரகடத்து ஆலையிலும் அதே விறைப்பு. செண்பகவல்லியைக் கட்டிப் பதினாறு வருடம் ஆகிறது, அவளிடம்கூட மூச்சு விட்டதில்லை. அவள் நல்ல நிறம். பெண் பார்க்கப் போன அன்றைக்கு அவள் சித்தி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவளிடம் என்னவோ சொன்னாள், அது என்ன என்பது அவனுக்கு இன்றுவரை தெரியாது, தெரியாமலேயே நன்றாகத் தெரியும்.

வண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. வெளியே வெயில். சாலையோரத்தில் நம்ம ஊர் வேலிக்கருவையின் சாயலில் மரங்கள், அதே தூசி படிந்த இலை. முதல் வாரம் இதைப் பார்த்துவிட்டுத்தான் பாதிப் பயம் போனது, ராமநாதபுரம் பக்கம் வேலைக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டால் ஆயிற்று என்று. ஓட்டுநர் முதல் குரல் போட்டார். நேக்ரோ. பின் இருக்கையிலிருந்து சேவகன் என்று பதில் வந்தது, இவர்கள் ஊர் உள்ளேன் ஐயா அது, வண்டி நின்றது. நேக்ரோ என்றால் கறுப்பன். அந்தக் கறுப்பன் பையைத் தூக்கிக்கொண்டு போகும்போது காசிராஜன் தோளில் தட்டி, ஏதோ பரீட்சைக்குப் போகிறவனை வழியனுப்புகிற மாதிரி கண்ணடித்துவிட்டுப் போனான். இந்த நேக்ரோ விஷயம்தான் மாதக்கணக்காகக் காசிராஜனைக் குடைகிறது. அவன் என்ன கறுப்பு? கோவில்பட்டிக் கடைத்தெருவில் அவனை நடக்கவிட்டால் வடக்கத்திக்காரர், துணி வியாபாரத்துக்கு வந்திருக்கிறார் என்பார்கள். அவனே இந்த ஊருக்குக் கறுப்பன் என்றால் எனக்கு மிச்சம் என்ன வைத்திருப்பார்கள்? ராத்திரியா? கரியா? கரி என்பதற்கு இவர்கள் மொழியில் கார்போன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஓட்டுநர் வாயில் அது எப்படி ஒலிக்கும் என்று மனதுக்குள் ஒருதரம் கூப்பிட்டுப் பார்த்தான். உள்ளே யாரோ சின்னப்பையன் ஒருவன் எழுந்து நின்றுவிட்டான். உட்காருடே என்று தனக்குள் அவனை அதட்டினான்.

அவர்கள் முகத்துக்கு நேராகச் சொல்லாததற்கும் காரணம் இருக்கிறது. வந்த புதிதில் கோர்தோ, வீட்டுல உங்கள என்னன்னு கூப்பிடுவாங்க என்று ஆசையாகக் கேட்டான். காசிராஜன் பழைய விறைப்பில், காசிராஜன், முழுசாக, என்றுவிட்டான். கோர்தோவின் முகம் சப்பென்று போனதை அப்போதே பார்த்தான். அன்றிலிருந்து இன்ஹே. அதற்குப் பரிகாரம் மாதிரி இவனாக அடுத்த வாரம் மரியாதையைக் கூட்டிப் போட்டு, சென்யோர் கோர்தோ, குண்டனய்யா, கொஞ்சம் இங்கே வருகிறீர்களா என்று ஆலை நடுவே கூப்பிட்டான். நம்ம ஊர்ப் பழக்கம், வயதில் மூத்தவனைச் சும்மா எப்படிக் கூப்பிடுவது. அந்தப் பிரிவே வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தது. கோர்தோ கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். சரி, நிஜப்பெயரைச் சொல்லலாம் என்று இன்னொரு நாள் ஒலிபெருக்கியில் ரெஃபூஹியோ மல்தொனாதோ உடனே வரவும் என்று அறிவிக்கச் சொன்னான். பத்து நிமிடம் ஒருத்தரும் வரவில்லை. பக்கத்திலேயே நின்றிருந்த கோர்தோ, யாரு அந்தப் பாவப்பட்டவன் என்று இவனிடமே கேட்டுவிட்டு, அப்புறம் நெற்றியில் அடித்துக்கொண்டான். கோர்தோவின் அப்பா இறந்தபோது ஆலையிலிருந்து மலர்வளையம் கொண்டுபோனார்கள். நாடாவில் குண்டனுக்கு எங்கள் அன்புடன் என்று எழுதியிருந்தது. காசிராஜனுக்குத் திக்கென்றது, சாவு வீட்டில் போய் இப்படியா. கோர்தோ அந்த நாடாவை விரலால் தடவிப் பார்த்து அழுதான். அவன் பெண்டாட்டியும் அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு குண்டா, குண்டா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் வேறு எந்தப் பெயரும் எடுபட்டிருக்காது. அதைக் காசிராஜன் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறான். உடம்பில் உள்ளதைத்தான் இவர்களும் பெயராக வைக்கிறார்கள், கோவில்பட்டியிலும் அதைத்தான் வைத்தார்கள். வைக்கிற கையில்தான் வித்தியாசமா, வாங்கிக்கொள்கிறவனிடமா? இதற்கு விடை கிடைப்பதற்குள் எப்போதும் ஏதாவது ஒன்று குறுக்கே வந்துவிடும்.

இப்போதும் வந்தது. முன் இருக்கையிலிருந்து யாரோ பலங்கேத்தாவை உடைத்து அனுப்பினார்கள், வெல்லப்பாகில் வேர்க்கடலை, அசல் கடலைமிட்டாய்தான், கொஞ்சம் முறுகல் கூட. கோவில்பட்டிக்காரனுக்கே கடலைமிட்டாய் கொடுக்கிற ஊர். ரோசாரியோ பெரிய துண்டாகப் பார்த்து அவன் கையில் வைத்தாள். கடித்ததும் மனது கொஞ்சம் இறங்கிவந்தது. பெயர் வேறாகவும் இருக்கலாம். மீசையை வைத்து இருக்கலாம், இவ்வளவு மீசை ஆலையிலேயே இவனுக்குத்தான். உச்சியில் முடி கழன்றதை வைத்து இருக்கலாம், அதை வைத்து மூன்று பேர் ஏற்கனவே இருக்கிறார்கள். திருநீற்றை வைத்து இருக்கலாம். ஆமாம், அதுவாகவே இருக்கும். தினமும் பூசிக்கொண்டு வருகிறவனைப் பார்த்து இவர்கள் முழித்துக்கொண்டிருந்தார்கள். இவர்களுடைய நாற்பது நாள் நோன்பு தொடங்குகிற விபூதிப் புதன் அன்று காலையில் பேருந்தில் ஏறினால் அத்தனை பேர் நெற்றியிலும் சாம்பல். காசிராஜன் திகைத்து நின்றுவிட்டான். ஓட்டுநர் அவன் நெற்றியைக் காட்டி, இவர் நமக்கெல்லாம் முன்னாடியே ஆரம்பிச்சுட்டார் என்றார். அன்று முழுக்க அவனுக்குத் தரையில் கால் படவில்லை. உள்ளதைச் சொன்னால் அவன் இங்கே நன்றாகத்தான் இருக்கிறான். அதை ஊருக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது, தனியாகக் கிடந்து கஷ்டப்படுகிறான் என்று அங்கே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காலையில் ஒவ்வொருத்தரும் வந்து கையைக் கொடுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடுகிறார்கள். சாப்பிடுகிறவனைக் கடந்துபோனால் நல்லபடியாய் செரிக்கட்டும் என்று சொல்லாமல் போவதில்லை. ஒரகடத்தில் பதினோரு வருடம் சாப்பிட்டான், யார் சொன்னார்கள். ஒன்றே ஒன்றுதான் குறை, செண்பகவல்லிக்கு அஞ்சலக வேலை, விட்டுவிட்டு வர முடியாது. இன்று மதியம் அவளிடம் பேசும்போதும் இந்தப் பெயர் ஞாபகமாகவே இருந்து, என்ன குரலே சரியில்லை என்று அவள் ரெண்டு தடவை கேட்டாள்.

கால்வாய்ப் பாலம் தெரிந்தது. பேருந்தில் முக்கால்வாசி காலி, ஆனால் இருக்கிறவர்கள் ஒருத்தரும் தூங்கவில்லை. தூங்காதது மட்டுமல்ல, வேண்டுமென்றே நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கோர்தோ நாலு முனைக்கு முன்னாலேயே இறங்க வேண்டியவன், இறங்காமல் உட்கார்ந்திருக்கிறான். காசிராஜன் மனதுக்குள் ஒத்திகை பார்த்தான். எந்தப் பெயராக இருந்தாலும் சேவகன் என்று பதில் சொல்லிவிட வேண்டும், உடனே, தயங்காமல். குரல் உடையக் கூடாது. சிரித்த முகமாக எழுந்திருக்க வேண்டும். அறைக்குப் போய் என்ன வேண்டுமானாலும் ஆகட்டும். கரி என்றால் கரி. ராத்திரி என்றால் ராத்திரி. தார் என்பதற்கு இவர்கள் மொழியில் என்ன சொல் என்று யோசித்தான், வரவில்லை, அது வேறு பயமாக இருந்தது, தெரியாத சொல்லாக வந்தால் எப்படிக் கண்டுகொள்வது. பல்லைக் கடித்துக்கொண்டு, முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். ஓட்டுநர் தொண்டையைச் செருமினார். “நோவியோ” என்று ஒரு சத்தம் போட்டார். ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. இன்னொரு தடவை போட்டார், இழுத்து, கல்யாண வீட்டில் கூப்பிடுகிற மாதிரி. யாரோ இறங்க வேண்டியவன் தூங்கிவிட்டான் போல, என்று காசிராஜன் நினைத்தான். சனியன், இவன் ஒருத்தன் நடுவில், நம்மை அடுத்ததாகத்தான் கூப்பிடுவார். வண்டி நிற்கவில்லை. அவன் முனை, பழக்கடை, முடிதிருத்துகிற கடை, எல்லாம் ஜன்னலில் பின்னால் போயின. இன்னும் அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு தன் பெயருக்காகக் காத்துக்கொண்டே இருந்தான்.

பேருந்தே வெடித்துச் சிரித்தபோதுதான் திரும்பிப் பார்த்தான். ரோசாரியோ அவன் கையைப் பிடித்து உலுக்கினாள். அவ்வளவு நேரம் அடைத்து வைத்திருந்த பேச்செல்லாம் ஒரேயடியாக வந்தது. நோவியோ என்றால் மாப்பிள்ளை, கல்யாணம் ஆகப் போகிற மாப்பிள்ளை. தினமும் மதியம் சாப்பிட்ட கையோடு இவன் போனை எடுத்துக்கொண்டு சைக்கிள் நிறுத்துகிற சுவரோரம் போய்விடுகிறான் அல்லவா, சாப்பாட்டுக்கூடத்து ஜன்னலிலிருந்து அது நன்றாகத் தெரியும். இவனுக்குத்தான் தெரியாது, இவன் சுவரைப் பார்த்துப் பேசுகிறவன். சிரிப்பானாம். விரலால் சுவரில் கோடு போடுவானாம். மணி அடித்த பிறகும் வைக்க மனசில்லாமல் நாலு தடவை போய்வருவதாகச் சொல்லுவான் போல, பாதி வழி வந்து திரும்பவும் சுவருக்கே போவானாம். “மொதல்ல நாங்க பொண்டாட்டி இல்ல, வேற யாரோன்னுதான் நெனச்சோம். கட்டின பொண்டாட்டிகிட்ட எவன் இப்படிப் பேசுவான்? கோர்தோ உன் போன்ல படத்தப் பாத்துட்டு வந்து, அடப்பாவி, பொண்டாட்டியேதான்னு சொன்னான். அன்னைக்கு வெச்ச பேரு” என்றாள். அதுவரை நீங்கள் போட்டுப் பேசியவள், நீ என்றாள். கோர்தோ பின்னாலிருந்து, கோவிச்சுக்காதீங்க என்றான், அவனுக்கு இன்னும் பயம் விடவில்லை. காசிராஜன் அவ்வளவு நேரம் பிடித்திருந்த கம்பியை விட்டான். இத்தனை நாளும் இவர்கள் பார்த்தது அதையா? அவன் தோலையும் மண்டையையும் மீசையையும் விட்டுவிட்டு, சுவரோரம் நிற்கிற அவன் சந்தோஷத்தையா? அடுத்த முனையில் இறங்கினான். நோவியோ, நாளைக்குப் பார்க்கலாம் என்று ஜன்னல் ஜன்னலாகக் கத்தினார்கள். இந்தத் தடவை பதில் குரல் கொடுத்தான். கொஞ்சம் அதிகச் சத்தமாகவே.

கால்வாய் ஓரமாகத் திரும்பி நடக்கும்போது கால் தானாக நடந்தது. அங்கே விடிந்திருக்காது, அவள் எழுந்திருக்க இன்னும் நேரம் இருக்கிறது, ராத்திரி இவனுக்காக முழித்துக் கிடந்தவள், எழுப்பக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அழைத்துவிட்டான். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“ஏங்க, என்னாச்சு? உடம்புக்கு என்னமும் செய்யுதா?”

ஒன்றுமில்லை, சும்மாதான் என்றான். மணி என்ன தெரியுமா, கோட்டி கீட்டி பிடித்திருக்கிறதா என்று ஏசினாள். ஏசி முடிக்கட்டும் என்று பொறுத்து, நடந்ததைச் சொன்னான். பெயரைச் சொன்னான், அர்த்தத்தைச் சொன்னான், சுவரைச் சொன்னான். அந்தப் பக்கம் போர்வைக்குள் சிரிக்கிற மாதிரி ஒரு சிரிப்பு. இத்தனை பேருமா பார்த்துக்கொண்டிருந்தார்கள், மானம் போச்சு என்றாள், மானம் போன குரலாகத் தெரியவில்லை. அந்தச் சிரிப்பின் தைரியத்தில், பதினாறு வருடமாகச் சொல்லாததைக் காசிராஜன் சொல்ல ஆரம்பித்தான்.

“பள்ளிக்கூடத்துல எனக்கு ஒரு பேரு உண்டும். உன்கிட்ட சொன்னதில்ல.”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“தார்னு கூப்பிடுவாங்க. கல்யாணத்தன்னைக்கு உங்க சேக்காளி ஒருத்தர் பந்தியில வச்சே சொல்லிட்டாரு.”

காசிராஜன் நடையை நிறுத்திவிட்டான். எத்தனையோ சண்டை போட்டிருக்கிறார்கள். வாயில் வந்ததையெல்லாம் அவள் சொல்லியிருக்கிறாள், அவள் வாய் சாமானிய வாய் அல்ல. அந்த ஒரு சொல் மட்டும் வந்ததே இல்லை.

“ஒரு தடவகூட நீ சொன்னதில்லயே.”

“உங்களுக்குப் பிடிக்காதுல்லா” என்றாள் செண்பகவல்லி, அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பது போல. அப்புறம் அந்தப் புதுப் பேரை இன்னொரு தடவை நிறுத்திச் சொல்லச் சொன்னாள். சொன்னான். அவளும் சொல்லிப் பார்த்தாள். சரியாக வரவில்லை, ஆனாலும் விடாமல் இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டாள்.